இலக்கம் ஓரிடம், தடயம் வேறிடம்: கழற்றிப் பூட்டும் பிஸ்டல்களும் ‘இனந்தெரியாத’ கொலைகளும்

வாகரைப் பக்கத்தில் ‘துவக்கு’ என்று சொன்னால் பெரும்பாலும் நீளமான ஆயுதம்தான் மனதுக்கு வரும். காட்டோரத்தில் பன்றிக்கென்று கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு, சோதனைச்சாவடியில் தோளில் தொங்கிய ரி-56. அதற்கும் மேலே ஆட்லறி, பல்குழல் பீரங்கி. 2006 நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது விழுந்தவை எறிகணைகள். நாற்பதுக்கும் அதிகமானோர் அங்கே கொல்லப்பட்டனர். 2007 ஜனவரி 19ஆம் திகதி வாகரை இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. எறிகணை எந்தத் திசையிலிருந்து வருகிறது, எத்தனை விநாடியில் விழும் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லக்கூடிய ஊர் அது.

பிஸ்டல் வேறு மாதிரியான ஆயுதம். 2004 ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில் விடுதலைப் புலிகளின் வன்னி அணிகளும் கருணா தரப்பும் மோதிக்கொண்ட பிறகு மட்டக்களப்பு மாவட்டத்தில் பிஸ்டல்களின் காலம் ஒன்று தொடங்கியது. எல்லாத் தரப்பும் மற்றத் தரப்பின் ஆட்களைத் தேடித் தேடிச் சுட்ட காலம். 2004 மே 31 அன்று ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 நத்தார் நள்ளிரவு ஆராதனையின்போது, புனித மரியாள் பேராலயத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டார். செய்தியில் வராத பெயர்கள் இன்னும் எத்தனையோ. அன்றைய பத்திரிகைகளில் இவற்றுக்கெல்லாம் ஒரே வசனம்தான் இருந்தது: ‘மோட்டார் சைக்கிளில் வந்த இனந்தெரியாத ஆயுததாரிகள்’.

ஆளை இனந்தெரியாது, சரி. ஆயுதத்தையுமா தெரியாது? ஒரு பிஸ்டல் தன்னைப்பற்றி எவ்வளவு சொல்லும், எந்தப் பாகம் எதைச் சொல்லும் என்பதை அறிந்துகொள்ள வேண்டிய தேவை எமக்கு உண்டு. அதைவிட, உலகச் சந்தையில் இப்போது பரவிவரும் பிஸ்டல்களின் வடிவமைப்பே மாறிவிட்டது. வேண்டியபடி கழற்றிப் பூட்டும் பிஸ்டல்கள் வந்துவிட்டன. அந்த மாற்றம் ‘எது துப்பாக்கி’ என்ற கேள்வியையே குழப்பிவிட்டிருக்கிறது.

பழைய பிஸ்டலில் ஏன் இத்தனை இலக்கங்கள்?

தன்னியக்கப் பிஸ்டல் ஒன்றைப் பெரிதாக நான்கு பகுதிகளாகப் பார்க்கலாம். கையில் பிடிக்கும் சட்டகம். அதற்குள் விசையும் அதோடு சேர்ந்த சின்னச் சின்ன இயக்கப் பாகங்களும். மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைட். அதற்குள் சன்னம் பயணிக்கும் குழல். கைபிடிக்குள் செருகும் ரவைக்கூடு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பாகங்கள் இயந்திரத்தில் வெட்டப்பட்டாலும், கடைசிப் பொருத்தம் கையால்தான் நடந்தது. தொழிலாளி ஒருவர் அரத்தை எடுத்து, இந்தக் குழல் இந்த ஸ்லைட்டுக்குள் சரியாக உட்காரும்வரை தேய்த்துக் கொடுப்பார். அப்படித் தேய்த்த குழல் இன்னொரு பிஸ்டலில் சரிவர உட்காராது. எனவே தொழிற்சாலைக்குள் பாகங்கள் கலந்துவிடாமல் இருக்க, ஒரே இலக்கத்தைப் பல பாகங்களிலும் அடித்துவைத்தார்கள். ஜேர்மனியின் லூகர் பிஸ்டலில் மிகச் சிறிய பாகங்களில்கூட இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களைக் காணலாம். பொலிஸாருக்கு உதவும் என்று யாரும் அதைச் செய்யவில்லை. பட்டறைக்காரரின் வசதிக்காகச் செய்த வேலை பிறகு புலனாய்வுக்கு வாய்ப்பாக அமைந்தது, அவ்வளவுதான்.

கணினியால் இயங்கும் வெட்டும் இயந்திரங்கள் வந்த பிறகு நிலைமை மாறியது. ஆயிரம் குழல்கள் செய்தால் ஆயிரமும் ஒரே அளவு. எந்தக் குழலும் எந்த ஸ்லைட்டிலும் உட்காரும். பொருத்தம் பார்க்கும் தேவை போனதும், எல்லாப் பாகத்திலும் இலக்கம் அடிக்கும் தேவையும் போயிற்று. சட்டம் எங்கே கட்டாயப்படுத்துகிறதோ அங்கே மட்டும் இலக்கம் என்ற நிலை பல இடங்களில் வந்தது.

அடுத்த மாற்றம் பிளாஸ்டிக்கால் வந்தது. 1982இல் ஒஸ்ரிய இராணுவம் ஏற்றுக்கொண்ட குளொக் பிஸ்டல் பொலிமர் சட்டகத்தை உலகம் முழுவதும் பரப்பியது. அதற்கு முன்பே பொலிமர் சட்டகப் பிஸ்டல் இருந்தாலும் சந்தையை மாற்றியது குளொக்தான். பொலிமரில் ஆழமாக இலக்கம் அடித்தால் நிலைக்காது. அதனால் சட்டகத்துக்குள் ஒரு சிறிய உலோகத் தகட்டைப் பதித்து அதில் இலக்கத்தைப் பொறித்தார்கள். ஒரு தகட்டிலுள்ள இலக்கத்துக்கு என்ன பெறுமதி என்பதை எமது மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023இல் கொக்குத்தொடுவாய்ப் புதைகுழியிலிருந்து வெளிவந்த இலக்கத் தகடுகளின் படங்களை எத்தனை தாய்மார் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார்கள்.

உள்ளங்கைக்குள் அடங்கும் ‘துப்பாக்கி’

2014இல் சிக் சவர் நிறுவனம் பி320 என்ற பிஸ்டலைச் சந்தைக்கு விட்டது. இதே நிறுவனம் சில வருடங்களுக்கு முன் விட்ட பி250இலும் இதே சிந்தனை இருந்தது. ஆனால் பி320தான் பெரிதாக எடுபட்டது. இதில் விசையும் இயக்கப் பாகங்களும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் எஃகுக் கூட்டுக்குள் இருக்கின்றன. அந்தக் கூடு முழுதாகக் கழன்று வரும். வெளியே நாம் பார்க்கும் கைபிடி வெறும் பிளாஸ்டிக் உறை. கைத்தொலைபேசிக்கு உறை மாற்றுவதுபோலப் பெரியது, நடுத்தரமானது, சட்டைக்குள் மறைக்கக்கூடிய சிறியது என்று மாற்றிக்கொள்ளலாம். குழலையும் ஸ்லைட்டையும்கூட மாற்றலாம், ஒரு விட்டத்திலிருந்து இன்னொரு விட்டத்துக்குப் போகலாம்.

பொறியியலாகப் பார்த்தால் கெட்டித்தனமான வேலைதான். முன்பெல்லாம் இராணுவப் பிஸ்டல் ஒரே அளவு. பெரிய கைகொண்ட ஆணுக்குச் செய்ததைச் சிறிய கைகொண்ட பெண் சிப்பாயும் சமாளிக்க வேண்டும். இடதுகைக்காரர் பாடு இன்னும் கஷ்டம். உடைந்த பாகத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பது களஞ்சியப் பொறுப்பாளருக்கும் வசதி. 1985இலிருந்து பாவனையிலிருந்த பெரெட்டாவைக் கைவிட அமெரிக்க இராணுவம் முடிவெடுத்தபோது, புதியது கழற்றிப் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்றே கேட்டது. 2017 ஜனவரியில் அந்த ஒப்பந்தம் சிக் சவருக்குக் கிடைத்தது. பெறுமதி பத்து வருடங்களுக்கு 580 மில்லியன் டொலர் வரை. பெரெட்டாவின் ஏபிஎக்ஸ் உட்பட வேறு பிஸ்டல்களும் இதே உள்கூட்டு முறையில் வந்துள்ளன.

ஒரு சின்னப் பாகத்தின் வடிவம் எவ்வளவு பாரதூரமானது என்பதற்கும் இதே பிஸ்டல் உதாரணம். 2017இல், பி320 ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நிலத்தில் விழுந்தால் தானாக வெடிக்கக்கூடும் என்பது தெரியவந்தது. விசைவில்லின் பாரம்தான் முக்கிய காரணம். பிஸ்டல் விழுந்து நிற்கும்போது விசைவில் தன் பாரத்தாலேயே பின்னே போய்விடும், விரலால் இழுத்ததுபோல. பாரம் குறைந்த விசைவில்லையும் இன்னும் சில மாற்றங்களையும் செய்து கொடுத்தார்கள்.

இனி இலக்கத்துக்கு வருவோம். பி320இல் இலக்கம் இருப்பது அந்த எஃகுக் கூட்டில். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி பிஸ்டலின் சட்டகம்தான் ‘துப்பாக்கி’. பி320ஐப் பொறுத்தவரை சட்டகம் என்பது இந்தக் கூடு. கைபிடி, ஸ்லைட், குழல் எல்லாம் வெறும் உதிரிப்பாகங்கள். பதிவோ பின்னணி விசாரணையோ இல்லாமல் அங்கே தபாலில் வரவழைக்கலாம். சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது ஓர் உள்ளங்கை அளவாகச் சுருங்கிவிட்டது.

சடலம் பேசுவது எந்தப் பாகத்தைப் பற்றி?

கொலை நடந்த இடத்தில் பொலிஸாருக்கு வழக்கமாகக் கிடைப்பவை இரண்டு: உடலிலோ சுவரிலோ இருந்து எடுக்கும் சன்னம், நிலத்தில் கிடக்கும் வெற்றுக்கோது. பிஸ்டல் கிடைப்பது அபூர்வம்.

குழலின் உட்புறத்தில் சுருள் சுருளாகத் தவாளிப்புகள் உண்டு. சன்னம் சுழன்று நேராகப் போவதற்காக வெட்டப்பட்டவை. வெளியே வரும் சன்னத்தின் உடம்பில் அந்தத் தவாளிப்புகளின் கீறல் பதிந்திருக்கும். கோதின் பின்புறத்தில் குத்தூசி குத்திய குழி இருக்கும். வெடித்த வேகத்தில் கோது பின்னே அமுங்கும்போது ஸ்லைட்டின் முகப்பு அதில் அச்சுப்போலப் பதியும். கோதை இழுத்தெடுக்கும் கொக்கியும் தன் கீறலை விடும். இந்தத் தடயங்களை நுணுக்குக்காட்டியின் கீழ் ஒப்பிட்டுத்தான் ‘இரண்டு கொலையும் ஒரே ஆயுதத்தால்’ என்றோ ‘இந்தச் சன்னம் இந்தப் பிஸ்டலிலிருந்து வந்தது’ என்றோ சொல்கிறார்கள். எமது நாட்டில் இந்த வேலை அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துடையது.

இப்போது கவனியுங்கள். சன்னத்தில் கீறியது குழல். கோதில் பதிந்தவை ஸ்லைட்டின் முகப்பும், அதற்குள் இருக்கும் குத்தூசியும் கொக்கியும். இலக்கம் அடிக்கப்பட்ட எஃகுக் கூடு இவற்றில் எதையும் தொடவில்லை. கோதை வெளியே தட்டிவிடும் ஒரு சிறிய முனை மட்டும் அந்தக் கூட்டோடு சேர்ந்தது, அது விடும் அடையாளமும் மிகச் சிறியது. கொலையின் தடயம் பிஸ்டலின் மேல்பாதியிலிருந்து வருகிறது, பதிவேட்டிலுள்ள இலக்கமோ கீழ்ப்பாதியில் இருக்கிறது. பழைய பிஸ்டலில் இந்த இரண்டு பாதியும் ஆயுட்காலம் முழுக்க ஒன்றாகவே இருக்கும் என்று ஓரளவு நம்பலாம். கழற்றிப் பூட்டும் பிஸ்டலில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் துப்பாக்கிப் பணிப்புரைப்படி சட்டகம், குழல், ஸ்லைட், ரிவோல்வரின் உருளை ஆகியவை எல்லாமே ‘அத்தியாவசியப் பாகங்கள்’. ஒவ்வொன்றும் தனியே துப்பாக்கிக்குரிய கட்டுப்பாட்டுக்குள் வரும், ஒவ்வொன்றிலும் அடையாளம் இருக்க வேண்டும். என் பார்வையில் இதுதான் சரியான வழி. லூகர் காலத்துப் பட்டறை வழக்கத்தைச் சட்டமாக்கியதுபோல இருக்கிறது.

ஐக்கிய நாடுகள் சபை இதில் மெதுவாகத்தான் நகர்கிறது. 2005 டிசம்பரில் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட சர்வதேசத் தடமறிதல் ஆவணம், சட்டகம் போன்ற ஓர் அத்தியாவசியப் பாகத்தில் தனித்துவமான இலக்கம் வேண்டும் என்கிறது. குழல், ஸ்லைட் ஆகியவற்றிலும் அடித்தால் நல்லது என்று ஊக்குவிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஆவணம் எழுதப்பட்டபோது பி320 இல்லை. 2014இல் செயலாளர் நாயகத்தின் அறிக்கை ஒன்று பொலிமரும் கழற்றிப் பூட்டும் வடிவமைப்பும் தடமறிதலைச் சிக்கலாக்குகின்றன என்று எச்சரித்தது. பத்து வருடம் கழித்து, 2024 ஜூனில் நியூயோர்க்கில் நடந்த மீளாய்வு மாநாடுதான் இதை ஆராயத் தொழில்நுட்ப நிபுணர் குழு ஒன்றை அமைக்க முடிவு செய்தது.

அந்த மாநாட்டுத் தொடரின் முதலாவது மீளாய்வு 2006 ஜூன் 26 முதல் ஜூலை 7 வரை நடந்தது. அதற்குத் தலைமை வகித்தவர் இலங்கைத் தூதுவர் பிரசாத் காரியவசம். முடிவறிக்கை எதுவும் இல்லாமலேயே அது கலைந்தது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மாவிலாறு அணை மூடப்பட்டது. அங்கிருந்து வாகரை எவ்வளவு தூரம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். சிறிய ஆயுதங்களைக் கட்டுப்படுத்த உலகத்தைக் கூட்டி வைத்துப் பேசிய நாட்டின் கிழக்கு மாகாணத்தில் அந்த வருடம் என்ன நடந்தது என்பதும் தெரியும்.

அமெரிக்காவிலும் எல்லை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. இலக்கமே இல்லாத, பாதி முடித்த பிளாஸ்டிக் சட்டகங்களைப் பொதிகளாக விற்று, வாங்கியவர் வீட்டில் முடித்துக்கொள்ளும் வியாபாரம் அங்கே பெருகியது. ‘பேய்த் துப்பாக்கி’ என்று அவற்றுக்குப் பெயரும் வைத்தார்கள். 2022இல் கொண்டுவந்த விதி அத்தகைய பொதிகளையும் துப்பாக்கியாகக் கருதச் சொன்னது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் உறுதிப்படுத்தியது. ஸ்லைட்டும் குழலும் இன்னும் உதிரிப்பாகங்களாகவே இருக்கின்றன.

இலக்கம் பேசிய இடங்கள்

இலக்கம் உண்மையில் பயன்படுகிறதா என்று கேட்கலாம். உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த கொலம்பியாவின் கதையைப் பாருங்கள். 2009க்கும் 2011க்கும் இடையில் ஜேர்மனியில் செய்த 38,000க்கும் அதிகமான சிக் சவர் பிஸ்டல்கள், அமெரிக்காவுக்கு என்று பத்திரம் எழுதப்பட்டு, கடைசியில் கொலம்பியாவுக்குப் போய்ச் சேர்ந்தன. 2019 ஏப்ரலில் கீல் நகர நீதிமன்றம் மூன்று முகாமையாளர்களுக்கு ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. நிறுவனத்திடமிருந்து 11 மில்லியன் யூரோவுக்கு மேல் பறிமுதல் செய்ய உத்தரவிட்டது. தண்டனை போதாது என்பது வேறு விடயம். எங்கே செய்தது, யாருக்கு விற்றது, எங்கே கிடைத்தது என்ற மூன்றையும் ஒரே கோட்டில் வைக்க முடிந்ததால்தான் அது நீதிமன்றம்வரை போனது.

எமது நாட்டிலும் அண்மையில் ஒன்று நடந்தது. 2025 டிசம்பரில் தமிழ் முன்னாள் அமைச்சர் ஒருவரைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கைது செய்தது. தற்பாதுகாப்புக்கென இராணுவம் வழங்கிய கைத்துப்பாக்கி ஒன்று பாதாள உலகத்தின் கைக்குப் போனது எப்படி என்பதே விசாரணை. குற்றம் நிரூபணமாகவில்லை, எனவே அதைப்பற்றி இதற்குமேல் எழுதுவது முறையல்ல. ஆனால் அரசாங்கம் கொடுத்த ஒவ்வொரு பிஸ்டலுக்கும் ஒரு பதிவு எங்கோ இருக்கிறது, தேட நினைத்தால் தேடலாம் என்பதை அது காட்டியது.

இலக்கமே இல்லாதவையும் உண்டு. தெற்கில் அடிக்கடி பிடிபடும் ‘கல்கட்டாஸ்’ எனப்படும் உள்ளூர்ப் பட்டறைத் துப்பாக்கியில் எண்ணும் இராது, குழலில் ஒழுங்கான தவாளிப்பும் இராது. ரிவோல்வர் என்றால் கோதையே வெளியே தள்ளாது. 2025 பெப்ரவரி 19 அன்று கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் நடந்த கொலைக்கு, புத்தகம் ஒன்றின் உட்பக்கங்களை வெட்டி ஒளித்துக் கொண்டுவந்தது ரிவோல்வரைத்தான்.

அப்போது ஏன் கண்டுபிடிக்கவில்லை?

இவ்வளவையும் எழுதிய பிறகு சொல்லியாக வேண்டிய ஒன்று இருக்கிறது. 2004இலிருந்து மட்டக்களப்பில் நடந்த கொலைகள் ‘இனந்தெரியாதவை’ ஆனதற்குப் பிஸ்டலின் வடிவமைப்பு காரணமல்ல. பி320 அப்போது பிறக்கவேயில்லை. அன்று புழக்கத்தில் இருந்தவை பழைய பாணிப் பிஸ்டல்கள். சன்னத்தில் கீறல் இருந்தது, கோதில் குழி இருந்தது. ஒரு கொலையின் கோதை இன்னொரு கொலையின் கோதோடு வைத்துப் பார்த்திருந்தாலே, இனந்தெரியாத ஆயுததாரிகள் எத்தனை குழுக்கள், எத்தனை பிஸ்டல்கள் என்றாவது தெரிந்திருக்கும். பரராஜசிங்கம் கொலை வழக்கில் 2021 ஜனவரியில் சட்டமா அதிபர் வழக்கைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்ததையடுத்து, மட்டக்களப்பு மேல் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. பேராலயத்துக்குள், பக்தர்கள் கூட்டத்தின் முன்னால் நடந்த கொலைக்கே இந்தக் கதி.

ஆகவே ‘நவீன பிஸ்டல், தடமறிய முடியாது’ என்ற சாக்கு நாளை வரும்போது அதை அப்படியே ஏற்றுக்கொள்ளக்கூடாது. இலங்கையின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டினது. பிறகு திருத்தங்கள் வந்திருந்தாலும் அதன் அடிப்படை கழற்றிப் பூட்டும் பிஸ்டலை யாரும் கற்பனை செய்யாத காலத்தில் போடப்பட்டது. குழலையும் ஸ்லைட்டையும் இலக்கமிட்டுப் பதிய வேண்டும் என்று கேட்பதற்கு நாடாளுமன்றத்தில் எமக்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

வழக்குக் கோவை இன்னும் திறந்திருக்கும் குடும்பங்கள் கேட்டுப்பார்க்கக் கூடியவையும் சில உண்டு. பிரேத பரிசோதனையில் சன்னம் எடுக்கப்பட்டதா, சம்பவ இடத்தில் கோது கைப்பற்றப்பட்டதா, அவை வழக்குப் பொருட்களாக நீதிமன்றப் பதிவாளரிடம் ஒப்படைக்கப்பட்டனவா, பகுப்பாய்வுத் திணைக்களத்துக்கு அனுப்பி அறிக்கை பெறப்பட்டதா, வேறு கொலைகளின் கோதுகளோடு ஒப்பிடப்பட்டனவா. சட்டத்தரணி மூலமாக எழுத்தில் கேட்பது நல்லது. கொலை வழக்குக்கு இந்நாட்டில் காலவரையறை இல்லை. கோதின் பித்தளைக்கு அப்படியில்லை. கடற்காற்றிலும் வெள்ளத்திலும் நனைந்த கட்டடங்களில், சாதாரணப் பொலித்தீன் பைக்குள் இருபது வருடம் கிடந்தால் பச்சை பிடிக்கும். பச்சை பிடித்த இடத்தில் ஸ்லைட்டின் அச்சு முதலில் அழியும், பிறகு குத்தூசியின் குழி.